2046 என்பது தவறான தேதி அல்ல

கும்பளகட்டே மேளா முகாம், பெள்மண்
9 ஜனவரி 2026

தேவிகா,

'அன்புள்ள' என்று எழுதப் போன கையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு கோபம். முந்தாநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாயே, அதுவும் சொந்த நாத்தனாரின் போனை! கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்துகிறவள் முடிக்கும் வரை காத்திருப்பதுதானே மரியாதை? இனி போனே வேண்டாம். நான் கத்துவேன், நீ வைப்பாய், நடுவில் என் தம்பி மனோகரன் இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்தைச் சுளுக்கிக்கொள்வான். மேளா வண்டி ஓட்டும் லோகய்யா காய்கறி வாங்க மங்களூருக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

நடந்ததில் பாதிதான் உன் காதில் விழுந்தது. மீதியையும் கேள். ஊர் ஊராகப் போய் இரவெல்லாம் கூத்தாடும் நம் யட்சகான மேளாவின் வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல, ஆட்டத் தேதிகளைப் பதிய, ஒரு ஏஐயைச் செய்து வைத்தாயே, ஹாஸ்ய வேஷம் கட்டும் சேசப்பா அதற்குத் 'தூதன்' என்று பெயர்கூட வைத்தாரே, அந்தத் தூதனிடம் சாமிக்கு நேர்ந்துகொண்டு ஓர் ஆட்டம் பதிந்திருக்கும் உச்சிலா வாமன கர்கேரா ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "என் ஆட்டம் என்னிக்கு?"

பட்டியலில் 2046 பிப்ரவரி என்று இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது, நம் வரிசை அவ்வளவு நீளம்! ஆனால் உன் மகாபுத்திசாலித் தூதன், இருபது வருடம் கழித்து யார் ஆட்டம் வைப்பார்கள், இது தட்டச்சுப் பிழை என்று முடிவுகட்டிவிட்டது. இந்த ஆண்டில் காலியிடம் தேடியிருக்கிறது. நவம்பர் முதல் மே வரை ஓர் இரவுகூட மிச்சமில்லை. ஜூலை? ஆகா, மாதம் முழுக்கக் காலி! "தேதி தவறாகப் பதிவாகியிருந்தது, வருந்துகிறோம். உங்கள் ஆட்டம் வரும் ஜூலை 18" என்று மனிதருக்குச் செய்தி அனுப்பிவிட்டது.

ஜூலையில் ஆட்டமா? கொட்டுகிற மழையில் மகிஷாசுரன் குடை பிடித்துக்கொண்டு வருவானா? பத்தனாஜெ அன்று, மே மாதக் கடைசியில், சலங்கையைக் கழற்றிச் சாமி முன்னால் வைத்துவிட்டால் தீபாவளி கழிந்துதான் தொடுவோம் என்பது இந்தக் கடற்கரையில் நடக்கக் கற்ற குழந்தைக்குக்கூடத் தெரியும்!

அவருக்கும் தெரியும்தானே என்று கேட்பாய். தெரியும். ஆனால் ஜூலை மீன்பிடித் தடைக்காலம். "படகெல்லாம் கரையில, ஆளெல்லாம் வீட்டுல. மேனேஜரம்மா நம்மள மனசுல வச்சுத்தான் இந்தத் தேதி போட்டிருக்காங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மும்பையிலிருக்கும் சொந்தக்காரர்கள் டிக்கெட் எடுத்துவிட்டார்களாம்.

இந்த மேளாவுக்கு ஒரு பெண் மேனேஜராக வந்ததே கமிட்டியில் பாதிப் பேருக்கு ஜீரணமாகவில்லை. அதை விடு. அந்த மனிதருக்கு நான் என்ன சொல்வேன்?

குசுமா


மங்களூர்
12 ஜனவரி 2026

அன்புள்ள குசுமக்காவுக்கு,

(நான் எழுதிவிட்டேன், பாருங்கள். எனக்கும் கோபம்தான்.)

போனை வைத்தது தப்பு. ஆனால் நீங்கள் "உன் மூளையை நீர்தோசைக்கல்லில் ஊத்து" என்று சொன்ன பிறகுதான் வைத்தேன். அதற்கு முன்பு சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

தூதனை ஏன் திட்டுகிறீர்கள்? அது நம் ஊரில் பிறக்கவில்லை. பாட்டு, கதை, சட்டம் என்று உலகத்தில் உள்ளதெல்லாம் படித்திருக்கும். ஆனால் கும்பளகட்டே மேளாவின் பட்டியலைத் திறக்கவோ திருத்தவோ அதற்குக் கை கிடையாது. அந்தக் கைகளை நான்தான் செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு கருவி: தேடுவதற்கு ஒன்று, பதிவதற்கு ஒன்று, தேதி மாற்ற ஒன்று, ரத்து செய்ய ஒன்று, இப்படி. ஒவ்வொரு கருவிக்கும் மேல் ஒரு குறிப்பு எழுதவேண்டும். எதை எப்போது எடுக்கலாம் என்று தூதன் அந்தக் குறிப்பைப் படித்துத்தான் முடிவு செய்யும். தேதி மாற்றும் கருவிக்கு நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'முன்பதிவின் தேதியை மாற்றும். தவறாகப் பதிந்த தேதிகளைச் சரிசெய்யப் பயன்படுத்தவும்.'

படித்துப் பாருங்கள் அக்கா. அது செய்ததில் என்ன தப்பு? தவறு என்று தோன்றியது, சரிசெய்தது. சொன்ன வேலையைச் செய்திருக்கிறது, பாவம்.

பத்தனாஜெ எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். நானும் இதே கடற்கரையில் காப்பு என்கிற ஊர்க்காரிதான். பல் முளைக்கும் முன்பே தெரியும். அவ்வளவு நன்றாகத் தெரிந்ததனால்தான் எழுதவேண்டும் என்றே தோன்றவில்லை. மூச்சு விடு என்று யாராவது எழுதிவைப்பார்களா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். செப்டம்பரில் உங்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, வேற ஏதாச்சும் விதி இருக்கா? எல்லாத்தையும் சொல்லிடுங்க" என்று கேட்டேனா இல்லையா? வாய் நிறைய கோலிபஜ்ஜியோடு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேடி!"

தூதனுக்குத் தெரியவில்லையே, அக்கா.

தேதியைத் திரும்ப 2046க்கு மாற்றிவிட்டேன். கர்கேராவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கும் புரியவில்லை. உங்கள் தம்பி, "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து போங்களேன்" என்கிறார். சொல்லிவிட்டு ஓடியும் போய்விட்டார்.

தேவிகா


முகாம், படுபித்ரி
18 ஜனவரி 2026

தேவிகா,

கோலிபஜ்ஜி விஷயத்தில் உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான்.

நேற்று உச்சிலாவுக்குப் போனேன். உடைத்துச் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் கால் வைத்ததும், "மேனேஜரம்மா வந்துட்டாங்க!" என்று வாமன கர்கேரா ஊருக்கே கேட்கும்படி கூவினார். உட்காரவைத்து, வஞ்சிர மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். வேண்டாம் என்றால் விடுகிற ஆட்களா அவர்கள்?

அவருடைய நேர்த்திக்கடன் என்ன என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. பட்டியலில் பேர் இருக்கும், தேதி இருக்கும், அவ்வளவுதானே. நேற்று அவரே சொன்னார். அவர் தம்பி ஜகன்னாதன் கடலுக்குப் போன படகு புயலில் காணாமல் போயிருக்கிறது. மூன்றாம் நாள் லட்சத்தீவுப் பக்கம் யாரோ இழுத்துவந்து சேர்த்திருக்கிறார்கள்.

"அந்த மூணு நாளும் நான் சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் மேனேஜரம்மா. அவன் வரட்டும், நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து உன் ஆட்டத்தப் பாக்குறோம்னு. வந்துட்டான். அப்புறம் பாத்தா தேதி 2046ன்னாங்க. எனக்கு அப்ப எம்பத்தெட்டு! கண்ணு தெரியுமோ, காது கேக்குமோ. நீங்க இந்த வருஷமே போட்டீங்க பாருங்க..."

தம்பிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். "அண்ணன் இப்பவே தினமும் எந்தச் சேலை கட்டுறதுன்னு அண்ணிகிட்ட சண்டை போடுது. சேலை கட்டப் போறது அண்ணி இல்ல, இவரு மாதிரி!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டாம் முறை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். கையைக் கழுவினேன். ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். மகிஷாசுரனையே மேடையிலிருந்து இறக்குகிற குசுமா, ஒரு மீன்குழம்புக்கு வாயடைத்துப் போனாள்.

நீதான் சொல்லவேண்டும். உன் குறிப்பு, உன் பொறுப்பு. அதற்கு முன் தூதனை ஒழுங்குபடுத்து. இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது.

குசுமா


மங்களூர்
23 ஜனவரி 2026

அன்புள்ள குசுமக்காவுக்கு,

முடிந்தது! இந்த முறை எதையும் விடவில்லை. பத்தனாஜெ, தீபாவளி, மேளாவோடு சாமிப் பெட்டி வருகிற வீட்டில் பிறப்பு இறப்புத் தீட்டு இருக்கக் கூடாது என்பது, மாமிசம், பந்தல், எந்தப் பக்கம் பார்த்து மேடை, பாடி ஆட்டத்தை நடத்துகிற பாகவதருக்குக் கஷாயம் வரைக்கும் எல்லாம் எழுதிவிட்டேன். உங்கள் தம்பியை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டார், ஆனால் அவர் எதற்கும் தூங்குகிறவர்தானே.

இனி தூதன் தப்பே செய்யாது. அடுத்த வாரம் கர்கேரா வீட்டுக்குப் போகிறேன். தைரியத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேவிகா


முகாம், கார்க்களா
30 ஜனவரி 2026

அடியே தேவிகா,

தப்பே செய்யவில்லை, ஆமாம். ஏனென்றால் எதையுமே பதியவில்லை!

கல்யாணம் கூடிவந்ததற்கு நேர்ந்துகொண்டு ஆட்டம் பதியக் கேட்ட ஒரு பெண்ணிடம் தூதன் கேட்ட முதல் கேள்வி: "வணக்கம். உங்கள் வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்திருக்கிறார்களா?" அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு அழுதது. புதுவீடு கட்டியதற்கு நேர்ந்துகொண்டு ஒருவர் கேட்டால், மேடை எந்தத் திசை, வீட்டில் யார் கர்ப்பிணி, கோழி எத்தனை தூரத்தில் சமைப்பீர்கள் என்று வரிசையாகக் கேள்வி. கடைசியில், "சந்தேகம் இருப்பதால் பதிய முடியவில்லை." சேசப்பா அதைப் பார்த்துவிட்டு, "குசுமக்கா, இது தூதன் இல்ல, சாவு வீட்டுக்கு வந்த எமகிங்கரன்!" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறார். நேற்று மேடையிலேயே அந்த வசனத்தைப் போட்டுவிட்டார். கூட்டம் அதிர்ந்தது.

முன்பு எழுதியது போதவில்லை. இப்போது எழுதியது புராணம். நடுவில் ஒன்று எழுதமாட்டாயா?

சொல்கிறேன் கேள். நேற்று சாயங்காலம் தேவேந்திரன் வேஷக்காரருக்குக் காய்ச்சல். வேறு மேளாவிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தோம். நம்மிடம் எழுதிய வசனம் கிடையாது, பேசுகிறவனே கட்டிப் பேசவேண்டும், உனக்குத் தெரியும். அவன் இந்தக் கதையை ஆடியதே இல்லை. வேஷ அறையில் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போதே பாகவதர் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"நீ தேவேந்திரன். தோத்துட்டு வர்ற. விஷ்ணுகிட்ட உதவி கேக்கத்தான் வர்ற, வேற எதுக்கும் இல்ல. அவரு கேக்குற வரைக்கும் அசுரன் பேர நீயா சொல்லிடாத, சொன்னா அடுத்த காட்சி கெட்டுச்சு. விஷ்ணு வரம் குடுத்ததும் நான் பாட்டு எடுப்பேன், உடனே உள்ள போயிடு. வழியில முழிச்சியா, என்னப் பாரு. நீயா எதையும் கட்டிவிடாத."

அவ்வளவுதான்! இந்திரனுடைய தாத்தா பேரைச் சொல்லவில்லை, ஐராவதத்துக்கு எத்தனை தந்தம் என்று சொல்லவில்லை. பையன் பிரமாதமாக ஆடினான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உன் நினைப்புதான் வந்தது. அந்த மாதிரி எழுது.

இன்னொன்று. ரத்து செய்யும் கருவியையும் பார். தீட்டு வந்தது என்று யாராவது சொன்னால் தூதன் உடனே ரத்து செய்துவிடுகிறது. நம் மேளாவில் தீட்டுக்கு யார் ரத்து செய்வார்கள்? கைமாற்றித்தானே கொடுப்பார்கள்! காத்திருக்கிற இன்னொரு குடும்பத்துக்குத் தன் தேதியைக் கொடுத்துவிட்டு அவர்களுடைய தேதியை வாங்கிக்கொள்வார்கள். இதுகூடத் தெரியாதா?

குசுமா


மங்களூர்
8 பிப்ரவரி 2026

அன்புள்ள குசுமக்காவுக்கு,

தெரியாது! சத்தியமாகத் தெரியாது! கைமாற்று என்று ஒரு கருவி செய்யச் சொன்னீர்கள், செய்தேன். 'இரண்டு முன்பதிவுகளின் தேதிகளை இடம் மாற்றும்' என்று ஒரு வரி எழுதினேன். எதற்கு, எப்போது, யார் கேட்டால் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தூதன் அந்தக் கருவியை இதுவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அது எதற்கென்றே தெரியாமல் எப்படித் தொடும்?

பாகவதர் சொன்னதை என் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்து, ஒவ்வொரு கருவிக்கும் திரும்ப எழுதினேன். இரண்டை மட்டும் இங்கே தருகிறேன்.

'தேதி மாற்று: ஆட்டம் வைப்பவர் தாமே கேட்டால் மட்டும். 2046 போன்ற ஆண்டுகள் பிழை அல்ல; இங்கே ஓர் ஆட்டத்துக்கு இருபது ஆண்டு காத்திருப்பது வழக்கம். பத்தனாஜெ முதல் தீபாவளி வரை ஆட்டம் கிடையாது. அந்த நாட்கள் காலியாகத் தெரிந்தாலும் காலி அல்ல. சந்தேகம் வந்தால் மாற்றாதே, குசுமாவிடம் கேள்.'

'கைமாற்று: ஒருவர் ஆட்டத்தை ரத்து செய்யச் சொன்னால், ரத்து செய்யும் முன் காரணத்தைக் கேள். பிறப்பாலோ இறப்பாலோ என்றால் இந்தக் கருவியை எடு. முன்கூட்டியே ஆட்டம் வைக்க விருப்பம் சொன்னவர்களின் பட்டியலைப் பார்த்து, முதலில் இருப்பவரிடம் கேள். இரு வீட்டாரும் சம்மதம் சொன்ன பிறகே மாற்று. பணம் எதுவும் கைமாறாது. சாவைப் பற்றி நீயாக யாரிடமும் கேட்காதே.'

இனி சோகமான பகுதி. உச்சிலாவுக்குப் போனேன். மீன்குழம்பு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், உங்கள் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடம். தூதன் இல்லை, என் குறிப்புதான் தப்பு என்றேன். அவர் பின்னிக்கொண்டிருந்த வலையை மடியில் வைத்தார்.

"அப்ப 2046தானா?"

"ஆமாங்க."

மறுபடி வலையை எடுத்துப் பின்னினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் அவரே, "அழுவாத பொண்ணே. ஒரு மாசம் சந்தோசமா இருந்தோமில்ல? அது பொய்யில்லயே" என்றார். பிறகு மும்பைக்குப் போன் போட்டு டிக்கெட்டைத் திருப்பச் சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது.

யாராவது கைமாற்றினால் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "எந்த நாளானாலும் சரி, மறுநாளே ஆனாலும் சரி" என்றார். விருப்பப் பட்டியலில் அவர் பேரை எழுதினேன். முதல் பேர் அவருடையதுதான். அந்தப் பட்டியலே அன்றைக்குத்தான் பிறந்தது.

இந்த ஆண்டு யார் கைமாற்றப் போகிறார்கள்? யார் வீட்டிலாவது தீட்டு வரட்டும் என்று வேண்டிக்கொள்ளவா முடியும்?

தேவிகா


முகாம், மூடபித்ரி
27 பிப்ரவரி 2026

என் தங்கமே, என் செல்லமே, அன்புள்ள தேவிகா!

லோகய்யாவை இப்போதே கிளப்பிவிடுகிறேன், காய்கறி வேண்டாம், ஒன்றும் வேண்டாம். போன் பண்ணலாம்தான், ஆனால் நான் கத்துவேன், சந்தோஷத்தில் கத்தினாலும் நீ வைத்துவிடுவாய்.

இந்த ஊர் தினகர பூஜாரிக்கு, வீடு கட்டியதற்கு நேர்ந்துகொண்ட ஆட்டம் மார்ச் 8ஆம் தேதி. அவர் அப்பா காலத்தில் பதிந்தது. நேற்றுக் காலையில் அவரிடமிருந்து தூதனுக்குச் செய்தி: "ஆட்டத்த ரத்து பண்ணிடுங்க." தூதன் ரத்து செய்யவில்லை! நான் படித்ததை அப்படியே தருகிறேன்.

"ரத்து செய்யும் முன் ஒன்று கேட்கலாமா? என்ன காரணம்?"

"பையன் பொறந்துட்டாங்க! மார்ச் கடைசியிலன்னு டாக்டர் சொன்னாங்க, அவன் அவசரக்காரன், இன்னிக்கே வந்துட்டான். தீட்டு கழியறதுக்குள்ள ஆட்டத் தேதி வந்துடுது."

"வாழ்த்துகள்! பிறப்பென்றால் ரத்து செய்யவேண்டியதில்லை. உச்சிலாவில் வாமன கர்கேரா என்பவர் 2046 பிப்ரவரி 10க்குக் காத்திருக்கிறார். உங்கள் தேதியை அவருக்குக் கொடுத்து, அவர் தேதியை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். சம்மதமா?"

தினகர பூஜாரியின் பதில்: "குடுங்க குடுங்க. வீடு எங்க ஓடிடப் போகுது!"

அடுத்து அது கர்கேராவிடம் கேட்டது. அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அதில் பேச்சே இல்லை, அவரும் தம்பியும் விசில் அடிக்கிற சத்தம்தான். தூதன் பாவம், "இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று என்னைக் கேட்டது. சந்தேகம் வந்தால் குசுமாவைக் கேள் என்று எழுதினாயே, கேட்டுவிட்டது! அவன் பிறந்ததிலிருந்து என் தம்பிக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவனுக்கு ஏறவில்லை, இதற்கு ஒரே நாளில் ஏறியது.

மும்பைக்காரர்கள் மறுபடி டிக்கெட் எடுத்தாயிற்று. மார்ச் 8. நீயும் தம்பியும் வரவில்லையென்றால் உன் மூளையை மெய்யாகவே தோசைக்கல்லில் ஊற்றுவேன்.

உன் குசுமக்கா


மங்களூர்
10 மார்ச் 2026

அன்புள்ள குசுமக்காவுக்கு,

நேற்று காலைதான் உங்களைக் கட்டிப்பிடித்து விடைபெற்றேன், அதற்குள் கடிதம் எதற்கு என்பீர்கள். பழகிவிட்டது. போனில் உங்களோடு இவ்வளவு நன்றாக எனக்குப் பேச வராது.

செண்டை முழங்கியதும் அண்ணன் தம்பி இருவரும் முன்வரிசையில் தோளோடு தோள் உட்கார்ந்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையைப் பார்க்கவே இல்லை. மகிஷாசுரன் தீப்பந்தத்தோடு கூட்டத்துக்குள் பாய்ந்து வந்தபோது ஊரே எழுந்து ஓடியது, அவர்கள் இருவரும் மட்டும் அசையவில்லை. வாமன கர்கேரா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாரு, பாருடா, நல்லா பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சேசப்பா எமகிங்கரன் வசனத்தை மறுபடி போட்டபோது என்னைச் சுட்டிக் காட்டினீர்களே, அதற்கு ஒருநாள் பழிவாங்குவேன்.

இன்று அலுவலகம் போனதும் முதல் வேலையாகப் பட்டியலைத் திறந்தேன். கைமாற்றியதைத் தூதன் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். 2046ஐ மறுபடி பிழை என்று நினைத்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். தினகர பூஜாரி, ஆட்டத்தைத் தன் பேரில் வேண்டாம், பையன் பேரில் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. தூதன் எழுதியிருந்தது இதுதான் அக்கா. படித்துவிட்டு என் பக்கத்து மேசைக்காரியைக் கட்டிக்கொண்டேன், அவள் பயந்துவிட்டாள்.

'ஆட்டம் வைப்பவர்: தினகர பூஜாரியின் மகன். பெயர் இன்னும் வைக்கவில்லை. தேதி: 10 பிப்ரவரி 2046. தேதி சரியானது.'

தேவிகா